குதிரைகளோடு இருப்பவள்

நவம்பர் இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டரை மணிக்கு டுவேன் வீட்டு வாசலிலிருந்து மூன்று கார்கள் கிளம்பிப் போயின. ஐந்தரைக்கு முன்னால் ஒருநாளும் கிளம்பாத கார்கள். அந்த நேரத்தில் எங்கள் பர்ச் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது; ஊரே எங்கள் அணியின் பச்சையும் மஞ்சளுமாகச் சட்டை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படியும் மூன்று வீட்டுத் திரைச்சீலைகள் அசைந்தன. சாயங்காலத்துக்குள் எனக்கு நான்கு போன். டுவேனுக்கு நெஞ்சுவலியா? கிப்போடு கைகலப்பா? மார்லிஸ் அழுதுகொண்டே காரில் ஏறினாளாமே?

"ஒரு புத்தகம் வந்திருக்கு. அதுதான் சண்டை" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. இதே நான் பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

நடந்ததை நான் நேரிலேயே பார்த்தேன். எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் என் வாஷிங் மெஷின் பழுதானது. பக்கத்து வீட்டு டுவேன், "இங்க வந்து துவைச்சுக்கோ" என்றான். அவன் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மூலையில் மெஷின், நடுவில் பெரிய மேசை. ஞாயிறு மதியம் அந்த மேசையில்தான் ஆட்டம். என் மெஷினை மூன்றே வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கிறவளுக்கு வாரத்துக்கு எவ்வளவு அழுக்குத்துணி சேரும்? பாதி நாள் சுத்தமான துண்டுகளையே கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு போகாமல் ஒரு தட்டு நிறைய ஓட்ஸ் பார் செய்து எடுத்துப்போவேன். அதனால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆட்டம் என்றால் ஓடி ஆடுவதல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நான் குள்ளன், நீ மந்திரவாதி என்று ஆளுக்கு ஒரு வேஷம் வைத்துக்கொண்டு, வாயாலேயே காடு மலையெல்லாம் சுற்றுவார்கள். ஜெயிப்பதும் சாவதும் பகடை சொன்னபடி. 'ஆழ்கோட்டை' என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலிலிருந்து ஆடுகிறார்கள். டுவேன்தான் ஆட்டத்தை நடத்துபவன். மழை, ஓநாய், கொள்ளைக்காரன், ராஜா எல்லாம் அவன்தான். முப்பத்தோரு வருஷம் மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினவன். சாலையில் போட்ட கோட்டைத் தாண்டி ஒரு அங்குலம் போகமாட்டான். மார்லிஸ் பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவள், அவள் மந்திரவாதி. மருந்துக்கடை வென்டெல், குள்ளன். தொத்திறைச்சிக் கடை கிப், திருடன். கிப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. மற்றவர்கள் இன்னும் அவனைச் சின்னப்பயல் என்கிறார்கள்.

அப்புறம் ரோசலி. டுவேனின் மனைவி. அவள் விளக்கேந்தி. இருட்டில் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு போவதும், அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போடுவதும் விளக்கேந்தி வேலை. எல்லோரும் பல்லை உடைக்கிற மாதிரி பெயர் வைத்துக்கொண்டபோது, அவள் மட்டும் சாண்ட்விச்சில் இருந்த பாலாடைக்கட்டியின் பெயரையே, 'கோல்பி' என்று வைத்தாளாம். ஒரு மதியத்துக்கு என்று வைத்த பெயர் நாற்பது வருஷம் ஓடியது.

அந்த முந்தின வருஷம் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்குப் போய்விட்டு வந்தவள் காரிலிருந்து இறங்கவில்லை. வாசலில் கார் நிற்கிறது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முதலில் பார்த்தது நான்தான். பேட்டரி வீணாகிறதே என்று சொல்லத்தான் போனேன்.

அவள் சாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. டுவேன் வீட்டுக்கு ஒன்பது பாத்திரங்களில் சாப்பாடு போனது. பாத்திரங்களைக் கழுவி, மூடியில் பெயரைப் பார்த்து, அவனே ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுத்தான். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திரும்ப ஆரம்பித்தது.

இந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வரமுடியாமல் போனால், அவர்களுடைய ஆள் "குதிரைகளோட இருக்கான்" என்று சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் சண்டைக்குப் போவார்கள், அவன் வெளியே குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குதிரைகளோடு இருப்பவரை எதுவும் தொடாது. ஓநாய்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். அடுத்த வாரம் வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கிப் ராணுவத்தில் இருந்தபோது அவன் திருடன் இரண்டு வருஷம் குதிரைகளோடு இருந்திருக்கிறான்.

அந்த முதல் ஞாயிறு டுவேன் தாள்களைப் பரப்பினான். ஆளுக்கு ஒரு தாள். அதில் அந்த வேஷத்தின் பலம், ஆயுதம், மூட்டை எல்லாம் பென்சிலால் எழுதியிருக்கும். நான்காவது தாளையும் எடுத்து, அவள் உட்காரும் இடத்தில் வைத்தான்.

"கோல்பி?" என்றான் வென்டெல். பழக்கதோஷம்.

"குதிரைகளோட இருக்கா" என்றான் டுவேன். பகடையை எடுத்து ஆரம்பித்துவிட்டான்.

ஆக, பதினான்கு மாதமாக அவள் குதிரைகளோடு இருந்தாள்.

சரி, அந்த நவம்பர் ஞாயிறுக்கு வருகிறேன். மார்லிஸ் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். 'ஆழ்கோட்டை – ஆறாம் பதிப்பு.' அட்டையே பளபளவென்று இருந்தது. இவர்கள் ஆடுவது இரண்டாம் பதிப்பு. மூன்றாவது வந்தபோது முகம் சுளித்தார்கள். நான்காவதைப் பற்றிக் கிப் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஐந்தாவது வந்ததே வென்டெலுக்குத் தெரியாது. இப்போது ஆறாவது. டுவேனுடைய பழைய புத்தகத்துக்கு முதுகே இல்லை. குழாய்க்கு ஒட்டும் வெள்ளி டேப்பால் கட்டி வைத்திருந்தான்.

"பாரு டுவேன், சும்மா பாரு. வாங்கணும்னு இல்ல, நானே வாங்கிட்டேன்" என்றாள் மார்லிஸ்.

"பாக்குறேன்" என்றான். தொடவில்லை.

"எழுத்தப் பாருடா" என்றான் வென்டெல். "பழசுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதுல ஒவ்வொண்ணும் கரப்பான்பூச்சி சைஸ். கண்ணாடி இல்லாமயே படிக்கிறேன்."

"நீ கண்ணாடி போட்டுட்டுதான் இருக்க" என்றான் கிப்.

"அது பழகிப்போச்சு."

"புதுசுல என் திருடனுக்கு என்ன குடுக்கிறாங்க, மார்லிஸ்? பழசுல மாதிரியே பூட்டத் திறக்கப்போயி விரல் போகுமா?"

"போகாது. எல்லாமே லேசாக்கிட்டாங்க. முன்னாடி பாரு, மூட்டை எவ்வளவு கனம், தீப்பந்தம் எத்தனை நேரம் எரியும், குதிரைக்கு எத்தனை படி ஓட்ஸ்னு உக்காந்து கணக்குப் போட்டே மதியம் போயிரும். இதுல அதெல்லாம் கிடையாது. பயணம்னா ஒரே ஒரு பகடை. உருட்டினா போய்ச் சேந்தாச்சு." புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்தாள். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டின குரல் அது, நிறுத்தத் தெரியாது. "குதிரை இருக்குன்னு வச்சுக்கணும், அவ்வளவுதான். தீனி வேண்டாம், கட்டிப்போட வேண்டாம். இனிமே குதிரையப் பாத்துக்க ஆளே வேண்டாம்!"

அந்த நேரம் பார்த்து மெஷின் துணியைப் பிழிய ஆரம்பித்தது. பழைய மெஷின், தரையே அதிரும். மேசையில் பகடைகள் மெல்ல நகர்ந்தன. ஒருவரும் அதைப் பிடிக்கவில்லை. மார்லிஸின் விரல் இன்னும் அந்த வரியிலேயே இருந்தது. முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"ம்" என்றான் டுவேன்.

"இல்ல டுவேன், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"மணி என்ன?"

"ரெண்டேகால்" என்றேன் நான். என்னைத்தான் கேட்டானா என்று தெரியவில்லை.

"இன்னைக்கு இதோட போதும். ரோட்ல பனி பிடிக்கப்போகுது."

வெளியே ஒரு பொட்டுப் பனி இல்லை. முப்பத்தோரு வருஷம் அந்த வேலை பார்த்தவனிடம் யார் போய்ச் சொல்வது? எழுந்து கோட்டுகளைத் தேடினார்கள். மார்லிஸ் புத்தகத்தை எடுத்துக்கொள்வதா விட்டுப்போவதா என்று இரண்டு தடவை கையை நீட்டினாள். விட்டுவிட்டுப் போனாள்.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். டுவேன் ஒரு ஓட்ஸ் பாரை எடுத்து, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"உன் மெஷின் எப்படி இருக்கு, ஆர்டிஸ்?"

"அதே கதிதான்."

"ம். ரிப்பேர் வண்டி வந்துட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சேன்னு கேட்டேன்."

நான் துண்டை இன்னொரு தடவை மடித்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே கூடிச் சாப்பிடும் மீன் வறுவலுக்குப் போனால் ஊர்ச் செய்தி முழுக்கக் கிடைக்கும். அந்த வாரம் செய்தி சொன்னதே நான்தான். டுவேன் பிடிவாதக்காரன், புதுசு எதுவும் ஆகாது, இன்னும் மடக்குப் போன்தான் வைத்திருக்கிறான் என்று இரண்டு மேசைக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மார்லிஸ் தன் பிராந்திக் கோப்பையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆர்டிஸ், வாய மூடு."

"நான் என்ன சொல்லிட்டேன்?"

"அவன் பிடிவாதம் பிடிக்கல. நாங்கதான் பயந்தாங்கொள்ளிங்க." மீனைத் தொடவேயில்லை அவள். "நீயும் அங்கதான உக்காந்திருக்க. பதினாலு மாசமா ஆட்டத்துல நாங்க எங்க இருக்கோம், சொல்லு பாப்போம்."

யோசித்தேன். கோட்டை வாசல். எதிரிலேயே தெரிகிறது. பாலத்தைத் தாண்டினால் கோட்டை.

"வாசல்ல" என்றேன்.

"பதினாலு மாசமா வாசல்ல! உள்ள போலாம்னு சொல்றப்பல்லாம் ஓநாய் வரும். ஓநாய் போனா வியாபாரிங்க வருவாங்க. அப்புறம் வெள்ளம். அப்புறம் மறுபடி ஓநாய். கிப் சொல்றான், அந்த ஓநாய் ஒவ்வொண்ணுக்கும் இப்ப அவன் ஒரு பேரே வச்சிட்டானாம். உள்ள போனா குதிரையோட அவளையும் விட்டுட்டுப் போகணும். டுவேன் எங்கள விடமாட்டேங்கிறான். தெரிஞ்சு செய்றானா, தெரியாம செய்றானான்னுகூட எனக்குப் புரியல."

"அத நேராச் சொல்ல வேண்டியதுதான?"

மார்லிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கேட்டது அவ்வளவு முட்டாள்தனம். எங்கள் ஊர்க்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும், "இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்கில்ல?" என்பவர்கள். நேராகச் சொல்வதற்குப் பதில் முந்நூற்றெண்பது பக்கப் புத்தகத்தை வாங்கி மேசையில் வைப்பார்கள்.

"பதிப்பு மாறுனா கதையையும் எங்கேயாவது புதுசா ஆரம்பிக்கலாம்னு நினைச்சோம்" என்றாள். "அந்த வரி அதுல இருக்கும்னு நான் பாக்கல. சத்தியமா பாக்கல. வென்டெல் இனிமே வரமாட்டேங்கிறான். அடுத்த வாரமும் வாசல்லயே நின்னா, நாங்க என் வீட்டு மேசையில ஆடிக்கலாம்னு பேசிட்டிருக்கோம்."

"டுவேன் இல்லாமலா?"

அவள் எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிந்தாள், தட்டை நகர்த்தி வைத்தாள். நானும் அந்த வெள்ளிக்கிழமை அதற்குமேல் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துண்டுகளோடு இறங்கிப் போனேன். மூன்று பேரும் வந்திருந்தார்கள், வென்டெல் உட்பட. மேசையில் புதுத் தாள்கள் தயாராக இருந்தன. அந்த ஒரு வாரத்தில் டுவேன் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து, மார்லிஸுக்கும் வென்டெலுக்கும் கிப்புக்கும் பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றி எழுதியிருந்தான். சாலை வரைபடம் போடுகிற மாதிரி குட்டிக் குட்டி எழுத்து. கிப்பின் திருடனிடம் இருந்த ஏழு சாவிகளுக்கும் தனித்தனி வரி.

"எழுத்துதான் ரொம்பப் பெருசு. மத்தபடி மோசமில்ல" என்றான் டுவேன்.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எப்படிப் படுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்காவது புதுத் தாள் ஒன்று இருந்தது. மேலே 'கோல்பி' என்று எழுதி, மற்றதெல்லாம் காலி.

"புதுசுல விளக்கேந்தி வேஷத்தையே தூக்கிட்டாங்க" என்றான் டுவேன். வானிலை அறிக்கை படிக்கிற குரல். "பக்கம் நாப்பத்திரெண்டு. பழைய விளக்கேந்திங்க இந்தப் பதினொண்ணுல ஏதாவது ஒண்ண எடுத்துக்கலாம், ஆடுறவங்க விருப்பம்னு போட்டிருக்கு." பட்டியலைத் திருப்பி அவர்கள் பக்கம் வைத்தான். "அவ எத எடுத்திருப்பா?"

"எதுல திங்கிறதுக்கு அதிகம் கிடைக்குமோ அத" என்றான் கிப். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"பாடகி?" என்றாள் மார்லிஸ். "பாடகி நல்லாருக்கும் அவளுக்கு."

"அவளுக்குப் பாட்டு வராது" என்றான் வென்டெல்.

"கோல்பிக்கு வரலாமில்ல?"

டுவேன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். "திங்கட்கிழமையிலேருந்து யோசிக்கிறேன். எனக்குத் தெரியல. நாப்பது வருஷம், எனக்குத் தெரியல."

அவன் கண்ணில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். அதற்காகத்தான் இந்த மெஷின் பக்கம் நல்ல இடம். ஒன்றுமில்லை. கை மேசைமேல் இருந்தது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி.

"காலியா விட்டுரலாம் டுவேன்" என்றாள் மார்லிஸ்.

"விட்டா எங்க வைக்கிறது? இதுல குதிரைங்க கிடையாது."

"நாமளா வச்சுக்குவோம்டா. புத்தகக்காரன் வந்து பாக்கப்போறானா?" என்றான் கிப்.

"புத்தகத்த எடுத்தா அதுல இருக்கிறபடி ஆடணும். பாதி எடுக்கிறது, பாதி விடுறதெல்லாம் எனக்கு ஆகாது." காலித் தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தான். பழைய தாளை எடுத்தான். நாற்பது வருஷம் அழித்து அழித்து எழுதி, சில இடங்களில் ஓட்டையே விழுந்திருந்தது. பழைய புத்தகத்தையும் இழுத்துக்கொண்டான். "அதனால மொதல்ல பழசுல இத முடிச்சிருவோம். நீங்க கோட்டை வாசல்ல நிக்கிறீங்க. பாலம் இறங்கியிருக்கு. ஓநாய் இல்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளம்?" என்றான் கிப் மெதுவாக.

"இல்ல. ஒண்ணும் இல்ல. என்ன பண்றீங்க?"

"உள்ள போறேன்" என்றாள் மார்லிஸ்.

"உள்ள போறேன்" என்றான் கிப்.

"உள்ள போறேன்" என்றான் வென்டெல்.

"கோல்பி?" என்றான் டுவேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஆட்டம் நடத்துபவன் மழை வரவைக்கலாம், மலையைச் சரிக்கலாம். ஆனால் ஒருவருடைய ஆள் என்ன செய்கிறான் என்று மட்டும் அவன் சொல்லக்கூடாது. அது விதி. டுவேன் சொல்லமாட்டான். வென்டெல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்து, துடைத்துக்கொண்டே இருந்தான். மேசையில் நான்கு பேர், நான்கு பேரும் தாள்களைப் பார்த்தார்கள்.

"ஆர்டிஸ்" என்றான் டுவேன். திரும்பவில்லை. "நீ சொல்லு."

"நானா? எனக்கு என்னப்பா தெரியும் இந்த ஆட்டத்தப் பத்தி?"

"கார்ல அவள நீதான மொதல்ல பாத்த."

கையில் ஈரத்துண்டு. எதையாவது பேசிக்கொண்டே இருப்பவள் என்று ஊரில் எனக்குப் பெயர். பத்து விஷயம் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று. அவளும் உள்ளே போகிறாள் என்றால், விளக்கைப் பிடித்து முன்னால் நடக்க அவள் வேண்டும். அங்கேயே நிற்கிறாள் என்றால் இன்னும் எத்தனை மாதம்? அந்தக் குதிரைகளை நினைத்தேன். பதினான்கு மாதமாக ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கின்றன. ஒருவரும் அவற்றுக்கு ஒன்றும் கொடுத்ததாக நான் கேட்டதில்லை.

"குதிரைங்களுக்குத் தண்ணி காட்டக் கூட்டிட்டுப் போறா" என்றேன்.

டுவேன் தாளிலிருந்து தலையைத் தூக்கினான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நாலும் தாகமா இருக்குமில்ல?"

"ஆறு மேற்குப் பக்கம் இருக்கு. கொஞ்ச தூரம்."

"போகட்டும். என்ன அவசரம்?"

அவன் ஒரு பகடையை உருட்டினான். எதற்கென்று தெரியவில்லை, எண் என்னவென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து பழைய தாளின் அடியில் எழுதினான். அன்றைக்குத் தாளை ஒழுங்குபடுத்த உதவுகிற சாக்கில் நான் போய்ப் பார்த்துவிட்டேன்: 'தண்ணி காட்டப் போயிருக்கா.' தேதி, நேரம், இரண்டு ஐம்பது. பனி தள்ளும் வண்டிப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி.

பிறகு புதுப் புத்தகத்தைத் திறந்தான். "சரி. இதுல இருபது முகப் பகடையில ரெண்டு எடுத்துக்கணும். உள்ள இருட்டா இருக்கு. விளக்கு யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றான் கிப். "திருடினது."

உள்ளே முதல் அறையிலேயே கூரையிலிருந்து ஏதோ விழுந்து வென்டெலின் குள்ளனுக்குக் கால் உடைந்தது. கட்டுப்போட ஆளில்லை. அதற்குப் புது விதிப்படி என்ன செய்வது என்று தேட இருபது நிமிஷம் ஆனது. யாரும் அழவில்லை, யாரும் பெரிதாகச் சிரிக்கவுமில்லை. ஐந்தரைக்குக் கார்கள் கிளம்பின. நான் துணியை டிரையரில் போட மறந்து, ஈரத்தோடேயே கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமும் போன் வந்தது. புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டார்களா இல்லையா? எடுத்துக்கொண்டார்கள் என்றேன். அவ்வளவுதானா என்றார்கள். அவ்வளவுதான் என்றேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பியதாகக் கேள்வி.

பிப்ரவரியில் வென்டெலுக்குக் கண் அறுவைசிகிச்சை. அந்த ஞாயிறு அவன் வரவில்லை. தாள்களைப் பரப்பும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது தட்டியது. கிப் வாயைத் திறந்து மூடினான். குள்ளனை எங்கே வைப்பது? புதுப் புத்தகத்தில் ஆள் வராவிட்டால் என்ன செய்வதென்று ஒரு வரியும் இல்லை. மார்லிஸ் பின்பக்க அட்டவணையில் தேடிப் பார்த்துவிட்டாள்.

டுவேன் வென்டெலின் தாளை எடுத்து ஓரமாக வைத்தான்.

"தண்ணி காட்டப் போயிருக்கான்" என்றான். "வருவான்."

மெஷின் பிழிய ஆரம்பித்தது. மார்லிஸ் பகடைகள் நகராமல் கையால் மூடிக்கொண்டாள்.